தோல் காட்டிய குறி

இலண்டன் மாநகரத்துப் புனித பர்த்தலோமியு மருத்துவமனையைச் சார்ந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் என்பார், 1874ஆம் ஆண்டில் அம்மருத்துவமனையின் ஏட்டில் சிறு கட்டுரையொன்று வரைந்தார். ஏறத்தாழ 15 பெண்களின் முலைக்காம்பில் கரப்பானைப் போலச் சிவந்து கசியும் புண் தோன்றியது. எம்மருந்துக்கும் அஃது எளிதில் ஆறவில்லை. இரண்டாண்டுக்குள் அவர்கள் அனைவர்க்கும் மார்பகத்தினுள்ளே புற்றுநோய் கண்டது. இதுவே அவர் எடுத்துரைத்த செய்தி.

தோற்புண்ணே உள்ளிருக்கும் புற்றுக்கு வித்திட்டது என்று பேஜட் கருதினார். பிற்கால ஆய்வோ இம்முறையைத் தலைகீழாக்கிற்று. உள்ளே முன்னரே தோன்றிய புற்றணுக்கள் பாற்குழாய் வழியே காம்பின் தோலை வந்தடைகின்றன என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கொள்கை. காரணங் கூறுவதில் தவறினாராயினும், கண்டதைக் கூறுவதில் அவர் தவறவில்லை. அதனாலன்றோ அந்நோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது!

கரப்பான் எல்லாம் புற்றாகிவிடா. எனினும் ஒரு காம்பில் மட்டும் தோன்றிச் சில வாரங்களாகியும் ஆறாத புண்ணை நாணத்தால் மறைத்தலும், களிம்பிட்டுக் காலங் கழித்தலும் தகா. சிறு தோல் துணுக்கை எடுத்து உருப்பெருக்கியில் நோக்கினால் உண்மை விளங்கிவிடும். அதற்குரிய காலம், தோல் குறி காட்டும் அக்காலமே.