உரைகல் இல்லாத நகை

மனித முடியில் நகை என்றால் நம் பக்கத்தில் முகம் சுளிப்பார்கள். தலையை விட்டு இறங்கிய முடி நமக்கு ஆகாது. சோற்றில் ஒன்று கிடந்தால் இலையையே எடுத்துவிடுகிறோம். பிள்ளையின் முதல் முடியைக் குலசாமிக்கோ பழனிக்கோ கொடுத்துவிட்டு, மொட்டைத் தலையில் சந்தனம் பூசித் தூக்கி வருகிறோம். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது நேர்மாறாக இருந்தது. இறந்த தாயின் முடி மோதிரத்துக்குள், கணவனின் முடி பதக்கத்தில், கடல் கடந்து போன மகனின் முடி கடிகாரச் சங்கிலியாக. நான் பரம்பரையாகப் பொன் வேலை செய்கிறவன். இந்த நகைகளின் படங்களை முதலில் பார்த்தபோது தங்கக் குப்பிகளைத்தான் கவனித்தேன். பிறகு கண் பின்னலுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

எங்கள் பட்டறைக்கும் முடிக்கும் இருந்த ஒரே பழக்கம் யானை முடி மோதிரம். யானை முடியை விற்பது இன்று சட்டப்படி குற்றம். அப்பா காலத்தில் யாராவது கொண்டுவந்து கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். பொடி வைத்து ஊத வேண்டியதையெல்லாம் ஊதி, மெருகும் போட்டு முடித்த பிறகுதான் அப்பா முடியைக் கையில் எடுப்பார். வெக்கை பட்டாலே சுருண்டுவிடும். ஐரோப்பியத் தட்டான்களும் இதே வழியில்தான் போனார்கள். மூடியையும் கொக்கியையும் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, பின்னிய முடியின் நுனியை அரக்கால் உள்ளே பிடிக்க வைத்தார்கள். தங்கத்தின் பங்கு இரண்டு முனைகளோடு சரி. நடுவில் இருக்கும் அத்தனையும் வேறொருவர் கைவேலை.

அந்தக் கைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை சுவீடனில், டாலர்னா பகுதியில், மோராவுக்குப் பக்கத்திலுள்ள வோம்ஹூஸ் ஊர்ப் பெண்களுடையவை. அங்கே நிலம் தலைமுறைதோறும் பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து துண்டு துண்டாகிவிட்டது. விளைச்சல் வயிற்றுக்குப் போதவில்லை. முடி பின்னும் வேலையைக் கற்றுக்கொண்ட பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஊரை விட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து போவார்கள். வேலை தெரிந்த மூத்தவளோடு கற்றுக்கொள்ள ஒரு சிறுமியும் போவாள். டென்மார்க், ஜெர்மனி, ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று அவர்கள் கால் படாத இடம் குறைவு. போன இடத்திலும் தங்கள் ஊர் உடையைக் கழற்றவில்லை. தெருவில் அந்த உடையைப் பார்த்தே, முடி வேலைக்காரி வந்திருக்கிறாள் என்று வீட்டுக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். சம்பாதித்த பணம் ஊருக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கியது.

வேலை எப்படி என்று சொல்கிறேன். முடியை முதலில் சோடா கலந்த வெந்நீரில் அலசி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். உலர்ந்ததும் நீளவாரியாகப் பிரித்து, ஓர் இழைக்குச் சுமார் 20 முடி என்று எண்ணி எடுப்பார்கள். தோராயமாக அள்ளினால் ஒரு பக்கம் தடித்து, இன்னொரு பக்கம் மெலிந்துவிடும். நடுவில் ஓட்டையுள்ள வட்டமான மரப்பலகைதான் பின்னும் மேசை. எல்லா இழைகளின் ஒரு முனையையும் சேர்த்துக் கட்டி, ஓட்டை வழியாகக் கீழே எடைக்கல்லோடு தொங்கவிடுவார்கள். மறுமுனைகள் பலகையின் விளிம்பைச் சுற்றித் தனித்தனியே ஈயக் குண்டுகளோடு தொங்கும். எதிரெதிர் இழைகளை எடுத்து இடம் மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தால், நடுவே நிற்கும் கம்பியைச் சுற்றி முடி குழாயாகப் பின்னிக்கொண்டு இறங்கும். இழுவை முழுவதும் குண்டுகளுடையது; விரல் வெறுமனே தூக்கி வைக்கிறது. குண்டுகளின் எடை தப்பினால் பின்னலும் தப்பும்.

பின்னி முடித்ததும் கம்பியோடு சேர்த்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மிதமான சூட்டில் காயவைப்பார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு மலைப்பு. கொதித்துக் காய்ந்த முடி தான் நின்ற வடிவத்தை மறப்பதில்லை. கம்பியை உருவிவிட்டாலும் குழாய் குழாயாகவே நிற்கும். மர அச்சின் மேல் பின்னினால் உள்ளே ஒன்றுமில்லாத மணிகள் கிடைக்கும். அவற்றைக் கோத்துச் சங்கிலியாக்குவார்கள், காதில் தொங்கவிடுவார்கள். பிடி எடையே இருக்காது. 22 காரட் கம்பியை அச்சில் இழுத்துப் பழகிய கை எனக்கு. இவ்வளவு மெல்லிய பொருள் பசையே இல்லாமல் இப்படி நிற்பது என் தொழிலில் நான் பார்க்காதது.

முடியை நகையில் வைக்கும் வழக்கம் பழையதுதான். 1649இல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டபோது, அவருடைய ஆதரவாளர்கள் அவர் முடியை மோதிரங்களில் வைத்துக்கொண்டார்கள். 1861 டிசம்பர் 14இல் கணவர் ஆல்பர்ட் இறந்து விக்டோரியா அரசி கறுப்பு உடுத்தி, அவர் முடி வைத்த நகைகளைப் போட்டுக்கொண்டபோது துக்க நகைகளுக்கு இன்னும் மவுசு கூடியது. ஆனால் முடி நகை துக்கத்துக்கு மட்டுமானது இல்லை. காதலர்களும் தோழிகளும் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொண்டார்கள்.

தொழில் பெருகியதும் ஒரு சந்தேகம் கூடவே வந்தது. கடையில் கொடுத்த முடிதான் நகையில் திரும்பி வந்ததா? பெற்ற தாயின் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று எங்களைப் பற்றி ஒரு பழமொழியே இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். ஆனாலும் பொன்னில் சந்தேகம் வந்தால் கல்லில் உரைத்துப் பார்த்துவிடலாம். இறந்த மகளின் பழுப்பு முடிக்குப் பதில் மூட்டையில் வாங்கிய பழுப்பு முடியைப் பின்னிக் கொடுத்தால் எந்தத் தாயால் கண்டுபிடிக்க முடியும்? 1867இல் நியூயார்க்கில் முடி வேலை கற்றுத்தரும் புத்தகம் போட்ட மார்க் கேம்ப்பெல், நீங்களே பின்னிக்கொண்டால் அது உங்கள் அன்புக்குரியவரின் முடிதான் என்ற நிம்மதி கிடைக்கும் என்றே ஆள் சேர்த்தார். அதற்கும் முன்பே, 1811இல் வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் ஜேன் ஆஸ்டின் ஒரு மோதிரத்தை வைத்து முடிச்சுப் போட்டிருக்கிறார். எட்வர்டின் விரலில் இருக்கும் முடி தன்னுடையது என்று எலினர் நம்புகிறாள், அது லூசியுடையது.

இசையமைப்பாளர் பீத்தோவன் விஷயத்தில் உலகமே அந்த எலினராக இருந்தது. 1827இல் அவர் இறந்ததும் ஃபெர்டினாண்ட் ஹில்லர் என்ற இளைஞர் வெட்டி எடுத்ததாகச் சொல்லப்பட்ட முடிக் கற்றை, கண்ணாடிப் பேழையில் பல கைகள் மாறி 1994இல் ஏலத்துக்கு வந்தது. அதைச் சோதித்து, ஈயம் அவர் உடம்பில் ஏறியிருந்தது என்றார்கள். 2023இல் மரபணுவைப் பார்த்தபோது அது ஒரு பெண்ணின் முடி என்று தெரிந்தது. எங்கே, எப்போது மாறியதோ! முடிக்கு ஓர் உரைகல் கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

வோம்ஹூஸ் பெண்களின் மதிப்பு எனக்கு இங்கேதான் புரிகிறது. அவர்கள் பெரிய கடை வைத்தவர்கள் இல்லை. வாடிக்கையாளர் இருக்கும் ஊருக்கே பலகையோடும் ஈயக் குண்டுகளோடும் போனார்கள். முடியை யார் கையில் கொடுத்தார்களோ அவளே அலசி, எண்ணி, பின்னித் திருப்பிக் கொடுத்தாள். நடுவில் முகம் தெரியாத இன்னொரு கை இல்லை.

20ஆம் நூற்றாண்டு பிறந்ததும் நாகரிகம் மாறியது, பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டினார்கள், துக்க நகை பழங்காலமாகிவிட்டது. வோம்ஹூஸில் மட்டும் வேலை அற்றுப்போகவில்லை. இன்றும் சில பெண்கள் அதே வட்டப் பலகையில் பின்னுகிறார்கள். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய நகைகளில் தட்டானின் முத்திரை சிலவற்றில் தங்கக் குப்பியில் குத்தியிருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம். முடியில் முத்திரை குத்த முடியாது. அதனால் பின்னியவளின் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லை. ஊர் தெரிந்த நகைகளிலாவது, பெயர் அட்டையில் தங்கத்தின் காரட்டுக்கு மேலே ‘வோம்ஹூஸ்’ என்று எழுதி வைக்க வேண்டும்.