சேமிப்பு

‘க்ஷேமம்’ என்ற வடசொல் தமிழில் சேமமாகி நலம், காவல் என்ற பொருள்களில் வழங்கியது. அதிலிருந்து பிறந்தவை சேமி, சேமிப்பு. இலங்கையில் தொழிலாளரின் ஓய்வுகாலப் பணத்துக்கு இன்றும் ஊழியர் சேமலாப நிதி என்றே பெயர். ஆக, சேமித்த பணம் வரவு அன்று, காப்பு. பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை இந்த வேறுபாட்டையே அழிக்கிறது. கையிருப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால், மிகுதியில் ஒவ்வொரு 250 பவுண்டும் மாதம் 4.35 பவுண்டு ஈட்டுவதாகக் கணக்கிட்டுத் தொகையைக் குறைக்கிறார்கள். 10,000 பவுண்டு வைத்திருப்பவருக்கு மாதம் 69.60 பவுண்டு போய்விடும். அந்த மிகுதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு வட்டி! எந்த வங்கி தருகிறது? சம்பளத்தில் பவுண்டுக்கு 55 பென்ஸ் கழிப்பதும் கடுமைதான். ஆனால் அது உண்மையில் கைக்கு வந்த பணம்.

இது வட்டிக் கணக்கே அல்ல, வசதி உள்ளவர் முதலில் தம் பணத்தைச் செலவிடட்டும் என்பதே நோக்கம் என்பார்கள். வரிப்பணம் இல்லாதவருக்கே முதலில் சேர வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. லட்சக்கணக்கில் வைத்திருப்பவருக்கு உதவி தேவையில்லை. ஆனால் 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவி முற்றாக நிற்கிறது. வீட்டு முன்பணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர், வேலை போன மாதத்தில், ஒன்றும் சேர்க்காதவரைவிடக் குறைவாகப் பெறுகிறார். உதவிக்காகவே வேண்டுமென்று செலவழித்தால், அந்தப் பணம் இன்னும் இருப்பதாகவே கருதப்படும். விலைவாசி இவ்வளவு ஏறிய பின்னும் இந்த வரம்புகள் 2006இல் இருந்த அளவிலேயே நிற்கின்றன. குறைந்தபட்சம் அவற்றை விலைவாசியோடு உயர்த்தியிருக்க வேண்டும்.