எருக்கம்பால் தந்த கவசம்

மணிமங்கலம் என்றதும் வரலாறு படிக்கிறவர்களுக்குப் போர்தான் நினைவுக்கு வரும். சாளுக்கியப் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைச் சொல்கிறது. அதைவிடப் பழைய போர் ஒன்று இங்கே ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இன்னும் ஓயவில்லை. அது எருக்கஞ்செடியில் நடக்கிறது.

எருக்கை ஆடுகூட லேசில் தொடாது. கிள்ளினால் வடியும் பாலில் இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு உண்டு. பெண் சிசுக்களுக்கு அதைப் புகட்டிய கொடுமையும் நம்ம தமிழ்நாட்டில்தான் நடந்தது. அந்த இலையைத் தின்றுதான் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு வளர்கிறது. நஞ்சில் ஒரு பங்கை உடம்பிலேயே சேர்த்தும் வைக்கிறது. எருக்கில் உட்கார்ந்திருக்கும் மஞ்சளும் நீலமுமான வெட்டுக்கிளிக்கும் இதே நஞ்சுதான் காவல்.

இதை அறிவியல் புரிந்துகொள்ள நூறு வருஷம் ஆயிற்று. பறவைகள் ஒதுக்கும் பட்டாம்பூச்சிகளைப் போல மற்றவை வேஷம் போடுவதை அமேசான் காட்டில் கண்டு, 1862இல் எழுதினார் ஹென்றி பேட்ஸ். ஒதுக்கப்படும் பூச்சிக்கு அந்தக் கெட்ட ருசி எங்கிருந்து வந்தது? வெந்தய வரியனின் அமெரிக்க உறவான மொனார்க்கை ஆராய்ந்து, அதன் உடம்பில் இருப்பது எருக்கின் குடும்பத்துச் செடிகளிலுள்ள இதய நஞ்சே என்று 1968இல் காட்டினார்கள் தாடியஸ் ரைஷ்டைனும் மிரியம் ராத்ஸ்சைல்டும். அதே காலத்தில் லிங்கன் பிரவர் சில மொனார்க் புழுக்களை முட்டைக்கோஸ் கொடுத்து வளர்த்தார். அந்தப் பட்டாம்பூச்சிகளை நீல ஜே பறவைகள் ஒரு தொந்தரவும் இல்லாமல் தின்றன. நச்சுச்செடியில் வளர்ந்ததைத் தின்ற பறவையோ வாந்தி எடுத்தது. பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே விலகியது.

ஆக, நஞ்சு பரம்பரைச் சொத்து இல்லை. தாய் எந்தச் செடியில் முட்டையிட்டாளோ அதில் கிடைப்பது. நஞ்சைத் தாங்கும் உடம்புதான் பரம்பரையாக வருகிறது.

நம்ம ஊரிலும் வேஷக்காரி உண்டு. பருப்புக்கீரை தின்று வளரும் ஒரு பட்டாம்பூச்சியின் பெண், அச்சு அசலாக வெந்தய வரியன் மாதிரியே பறக்கும். அதனிடம் எருக்கின் நஞ்சு கிடையாது. பறவை முன்பு எப்போதோ பட்ட அவஸ்தைதான் அதைக் காப்பாற்றுகிறது.

ஒரகடம் பக்கம் மனைகளைச் சமப்படுத்தும்போது முதலில் வெட்டுப்படுவது எருக்கு. யாருக்கும் உதவாத செடி என்கிறோம். ஒரு வட்டாரத்தில் அது அடியோடு போனால் வெந்தய வரியனின் கவசம் போகும். பறவைகளுக்குப் பாடம் சொல்ல ஆளில்லாமல், பருப்புக்கீரையில் வளர்ந்தவளின் வேஷமும் செல்லாமல் போகும்.