பட்டா, தட்டா? – ஹெட்செட் மைக்கின் கதை

திருத்தணிப் பக்கத்தில் இருக்கும் அம்மையார்குப்பம் நெசவாளர்களின் ஊர். அங்கே தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாணவர் வயர்லெஸ் கேமிங் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் விளையாட்டு, பகலில் அதே ஹெட்செட்டில் வேலைக்கான ஆன்லைன் நேர்காணல். விளையாட்டில் ஒரு சொல் புரியாவிட்டால் ஆட்டம்தான் போகும். நேர்காணலில் புரியாவிட்டால்...? அப்படியென்றால் மைக் நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது!

1876-ல் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் குரல் மெலிந்து ஒலித்தது. மறு ஆண்டே எடிசன் கரியைப் பயன்படுத்தி வலுவான மைக்கை உருவாக்கினார். 1882-ல் சென்னைக்கும் தொலைபேசி நிலையம் வந்துவிட்டது. குரல் கேட்டது, சரி. ஆனால் புரிந்ததா?

இதை அளக்க அமெரிக்காவில் ஹார்வி ஃபிளெட்சர் போன்ற ஆய்வாளர்கள் எளிய வழி ஒன்றைக் கையாண்டார்கள். ஒருவர் பொருளற்ற அசைகளை வாசிப்பார். மறுமுனையில் இருப்பவர் காதில் விழுந்ததை எழுதுவார். நூற்றுக்கு எத்தனை சரி என்பதே மதிப்பெண். ஏன் பொருளற்ற அசைகள்? முழு வாக்கியமாக இருந்தால், விட்டுப்போன எழுத்தை மனமே நிரப்பிக்கொள்ளும். மைக்கின் குறை மறைந்துவிடும்! இரண்டாம் உலகப் போரின்போது விமான இரைச்சலில் பேச்சு புரிகிறதா என்பதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சொற்பட்டியல்களை வைத்துச் சோதித்தார்கள். அங்கே புரியாத ஒரு சொல் உயிரையே பறிக்கக்கூடியது.

1962-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் இருவரும் மெல்லிய தாளைக் கொண்ட எலெக்ட்ரெட் மைக்கைக் கண்டுபிடித்தார்கள். சின்னது, மலிவானது, தரமானது. பின்னாளில் செல்போன், ஹெட்செட் என்று எங்கும் இந்த வகைதான் பரவியது.

அப்படியானால் வயர்லெஸ் ஹெட்செட்டில் குரல் ஏன் கரகரக்கிறது? பல நேரங்களில் குற்றம் மைக்கில் இல்லை, குரல் போகும் பாதையில்! பழைய தொலைபேசி சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 1994-ல் எரிக்சன் நிறுவனம் தொடங்கிய புளூடூத்தும் பேச்சுக்கு அதே குறுகிய பாதையையே எடுத்துக்கொண்டது. 2011 வாக்கில்தான் அது இரு மடங்கு அகலமானது. புளூடூத்தில் மைக்கை ஆன் செய்ததும் விளையாட்டின் ஒலியும் பழைய டெலிபோன் போல ஆகிவிடுவது இதனால்தான். கேமிங் ஹெட்செட்டுகள் பலவற்றுடன் சின்ன யூ.எஸ்.பி. டாங்கிள் வருகிறதே, அது புளூடூத்தை விட்டுத் தனிப் பாதையில் போவதற்காக. 2020-ல் அறிவிக்கப்பட்ட எல்.சி.3 என்ற புதிய முறை புளூடூத்திலும் இந்தக் குறையைக் குறைக்கிறது.

அடுத்தது இரைச்சல். வாயருகே நீளும் மைக்குகளில் பலவற்றுக்கு முன்னும் பின்னும் துளை உண்டு. தூரத்துத் தறிச் சத்தம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் வாயின் குரல் முன்பக்கம் மட்டும் ஓங்கி விழும். மைக்கை நெற்றிக்குத் தூக்கிவிட்டால் இந்த வித்தை பலிக்காது. வாயோரம் இரண்டு விரல் தள்ளி இருப்பது நல்லது. நேர் எதிரே வைத்தால் "ப" சொல்லும்போது மூச்சு மோதும்.

பலர் அமைதியான அறையில் தங்கள் குரலையே பதிவு செய்து கேட்டு "சூப்பர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சொன்னது என்ன என்று தெரிந்த காது நியாயமான நீதிபதி ஆகுமா? தறி ஓடும்போதே பட்டு, தட்டு, கட்டு, நட்டு, மட்டு என்று இருபது சொற்களை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். மறுமுனையில் நண்பர் எழுத வேண்டும். பட்டு தட்டானால் மைக்கின் இடத்தையோ இணைப்பையோ மாற்றிப் பார்க்கலாம். அப்படியும் மாறவில்லை என்றால்தான் புது ஹெட்செட்டுக்குப் பணம் தேட வேண்டும்!