எழுத்துக்கு முன்னே கேமரா

1984-இல் அகமதாபாத்தில் மூன்று வாரம் ஒரு வீடியோ பயிற்சி நடந்தது. நடத்தியவர் நியூயார்க்கிலிருந்து வந்த மார்த்தா ஸ்டூவர்ட். கற்க வந்தவர்கள் ‘சேவா’ தொழிற்சங்கத்தின் இருபது பெண்கள். இலா பட் 1972-இல் தொடங்கிய அந்தச் சங்கம் காய்கறி விற்போர், பீடி சுற்றுவோர், வீட்டிலிருந்தே தைப்போர் ஆகியோருடையது. பயிற்சிக்கு வந்தவர்களில் படித்த அமைப்பாளர்களும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தெரு வியாபாரிகளும் உண்டு.

எல்லோருக்கும் ஒரே வகுப்புதான்.

அன்றைய யூ-மேட்டிக் கருவியும் அதற்குத் தோதாக அமைந்தது. கேமரா ஒருவர் தோளில், கனத்த ரெக்கார்டர் இன்னொருவர் தோளில், நடுவே கேபிள். உடன் எடுத்துச் செல்லும் ரெக்கார்டரில் ஒரு கேசட் 20 நிமிடம்தான் ஓடும். ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் படம் வராது. பொத்தான்களின் பெயர்கள் ஆங்கிலத்தில். பெண்களோ அவற்றின் குறிகளை மனதில் பதித்துக்கொண்டார்கள். பிலிம் என்றால் கழுவிவர நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். வீடியோவை அங்கேயே போட்டுப் பார்க்கலாம். தலை வெட்டுப்பட்டதா, குரல் கேட்கிறதா என்பதைக் கண்டுகொள்ள எழுத்தறிவு எதற்கு? இந்தப் பயிற்சியின் உயிர்நாடி அந்த மறுபார்வைதான் என்று தோன்றுகிறது.

காய்கறி விற்றுவந்த லீலாபென் மாணேக் சவுக் சந்தையைப் படமெடுத்தார். அங்குள்ள வியாபாரிகளின் இடத்துக்காகச் சேவா உச்ச நீதிமன்றம் வரை சென்றிருந்த காலம் அது. எந்த நேரத்தில் கூட்டம் நெரியும், எங்கே நின்றால் கூடைகள் தெரியும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. கருவியைக் கற்பது மட்டுமே மீதி.

இப்படிக் கற்பவரின் தொழிலறிவிலிருந்து படம் பிறப்பதை 1966 கோடையிலேயே அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸில் நவாஹோ பழங்குடி மக்களுக்கு ஆய்வாளர்கள் சோல் வொர்த்தும் ஜான் அடேரும் 16 மி.மீ. கேமராவைக் கையாளக் கற்றுத்தந்தார்கள். எதைப் படமெடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் குழுவிலும் கலை பயின்ற ஓவியர் ஒருவர் இருந்தார். கேமராவைத் தொட்டே அறியாதவர்களும் இருந்தார்கள். சூசி பெனாலி நெசவைப் பற்றிப் படமெடுத்தார். தறி ஓடுவதைவிட, சாயத்துக்கு வேர் தேடி நடப்பதும் கம்பளி சேர்ப்பதுமே அதில் அதிகம். நெய்கிறவளுக்குத் தெரியும், வேலை தறியில் தொடங்குவதில்லை என்று! பிறகு ஆங்கிலம் அறியாத தன் தாய்க்கும் அவரே கேமராவைச் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியர்கள் கொடுத்த பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் இல்லாமல் நடந்த இந்தப் பாடம்தான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்தப் பாதை தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் திரும்பியது. பஸ்தாபூரில் இயங்கும் தக்காண வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான பி.வி.சதீஷ் தூர்தர்ஷனில் பணியாற்றியவர். கழகத்தில் வீடியோ கற்ற தலித் விவசாயப் பெண்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். பாடநூல் சொல்லும் ‘ஹை ஆங்கிள்’, ‘ஐ லெவல்’ அவர்கள் வாயில் நுழையவில்லை. எதிரில் இருப்பவரைக் கண்ணுக்குக் கண் பார்க்கும் காட்சிக்கு ‘சங்கம் ஷாட்’ என்று பெயரிட்டார்கள். ஊர்ச் சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருவார்கள் அல்லவா? அந்தப் பெயரைச் சொன்னதும் கேமராவை எந்த உயரத்தில் பிடிப்பது என்பது கைக்கு வந்துவிடும். யாரை மேலிருந்து பார்க்கிறோம், யாரைச் சமமாகப் பார்க்கிறோம் என்ற கேமராக் கோணத்தில் சாதியும் நிலமும் இருப்பதை எந்தத் திரைப்படக் கல்லூரியும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்திருக்காது.

இந்தியாவில் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. இந்தப் பெண்கள் கேமராவுடன் வாரங்கல் போய், அதை விதைத்த விவசாயிகளை வயலிலேயே பேசவைத்தார்கள். பி.டி. பருத்தி மீது அந்த விவசாயிகளுக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் கேட்கும் அந்தப் படம் 2003-இல் வெளிவந்து, பிற மொழிகளுக்கும் போனது.