தூள் சுமக்கும் உருளை

ஜெராக்ஸ் யந்திரத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தின் சரித்திரத்தையே எழுதியிருக்கிறார்கள். அசலின் மேல் விழும் ஒளி, அதை மின்னேற்றமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் டிரம், இரண்டையும் கற்பனை செய்த ஒரு தனி மனிதன். இவ்வளவுதான் கதை. டிரம்முக்குப் பக்கத்தில் சுழன்று கரித்தூளைச் சுமந்துவந்து கொடுக்கும் இன்னோர் உருளைக்கு இதில் இடமில்லை. யந்திரத்தைப் பிரித்து மாட்டுகிறவர்கள் அதை மேக் ரோலர் என்பார்கள். செல்லூர் மாதிரி ஓர் இடத்தில் பிரதி எடுக்கும் சக்தி யார் கைக்கு எப்படி வந்தது என்று அறிய, டிரம்மைவிட இந்த உருளைதான் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

ஆரம்பத்தில் உருளையே கிடையாது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னையும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியும் இடப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். லைகோபோடியம் செடியின் வித்துத்தூளைத் தூவி ஊதினார்கள். மிஞ்சிய தூள் எழுத்தாக நின்றது. தூளைச் சுமந்தது மனிதக் கைதான். நம் ஏடுகளுக்கு மையாடியதும் அதே மாதிரிக் கைதான். எழுத்தாணி கீறிய ஓலையில் கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும். அங்கே பள்ளம் செய்த வேலையை இங்கே மின்னேற்றம் செய்தது.

1959-ல், சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய அதே வருஷம், ஜெராக்ஸ் 914 வெளிவந்தது. எடை சுமார் 294 கிலோ. தூள் ஒட்டிய சிறு மணிகளை அது டிரம்மின்மேல் அருவி மாதிரிக் கொட்டியது. இந்த முறையில் எழுத்து நன்றாக வந்தது. அகலமான கறுப்பு வரவில்லை. டிரம்மின்மேல் மின்புலம் உருவத்தின் விளிம்பில்தான் வலுவாக இருக்கும், நடுவில் தளர்ந்துவிடும். ஆகவே கறுப்புப் பட்டை ஒன்று ஓரத்தில் கறுத்து உள்ளே வெளிறிப் போகும். மரச்செதுக்குப் படம் வெறும் கோட்டுருவமாகத் திரும்பி வரும்.

இந்தக் குறையைத் தீர்த்தது உருளை. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவான காந்தத் தூரிகை என்ற யோசனை பிற்பாடு உருளை வடிவம் பெற்றது. உள்ளே அசையாத காந்தங்கள். வெளியே சுழலும் உலோகக் குழல். இரும்புத் துகள்கள் தூளைப் போர்த்துக்கொண்டு குழலின்மேல் மயிர்க்கால்கள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். டாக்டர் பிளேடு என்ற தகடு அவற்றை ஒரே உயரத்துக்கு நறுக்கிவிடும். உலோக உருளை டிரம்மை ஒட்டி நிற்பதால் உருவத்தின் நடுவிலும் மின்புலம் வலுக்கும். கறுப்பு கறுப்பாக வந்தது இதற்குப் பிறகுதான். ஆனால் இரும்புத் துகள் தேயும். துகளும் தூளும் சரியான விகிதத்தில் கலந்திருக்க வேண்டும். ஆகவே யந்திரத்தோடு ஒரு மெக்கானிக்கும் தேவைப்பட்டார். 1983-ல் மோடி ஜெராக்ஸ் கூட்டு நிறுவனம் தோன்றி, உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொழிற்சாலை அமைத்தது. அதன் பெயரே இந்தியத் தெருக்களில் இந்தக் காரியத்துக்குப் பெயரானது.

அடுத்த மாறுதலும் உருளையில்தான் நேர்ந்தது. 1979-ல் கேனன் தன் என்.பி. 200ஜே யந்திரத்தில் இரும்புத் துகளை விலக்கித் தூளுக்குள்ளேயே காந்தப் பொருளைச் சேர்த்தது. உருளை டிரம்மைத் தொடுவதில்லை. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த இடைவெளியைத் தூள் தாண்டிக் குதிக்கிறது. கலவை விகிதம் பார்க்கும் வேலை ஒழிந்தது. 1982-ல் டிரம், உருளை, தூள் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து கார்ட்ரிட்ஜ் என்று விற்றார்கள். 1984-ல் ஹெச்.பி.யின் லேசர்ஜெட்டும் இதே ஏற்பாட்டோடு வந்தது. தூள் தீர்ந்தால் பெட்டியை எறிந்துவிட வேண்டும் என்பது செய்தவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கை நம் தெருக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வைகையின் வடகரையில், கைத்தறிக்குப் பேர்போன செல்லூரில், தறியின் படமரம் தேய்ந்தால் ஆசாரியிடம் போகும், குப்பைக்குப் போகாது. கார்ட்ரிட்ஜ் நிரப்பும் கடைகளில் நான் பார்ப்பதும் இதே மனோபாவம்தான். பின்னைத் தட்டிப் பெட்டியைப் பிரிக்கிறார்கள். உருளையைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். குழல் வழவழத்துப் போயிருந்தால் தூள் சீராக ஏறாது. குழலை மட்டும் மாற்றுகிறார்கள். இதில் வீரக் கதை ஒன்றும் இல்லை. மூக்கில் கட்டிய துணியில் சாயங்காலம் கரி படிந்திருக்கும். ஆனால் இது வெறும் சிக்கனமும் அல்ல. இதே உரிமைக்காக அமெரிக்காவில் ஒரு சிறிய நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்ற பிறகு கார்ட்ரிட்ஜின்மேல் காப்புரிமையாளருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று, லெக்ஸ்மார்க் வழக்கில் 2017 மே 30 அன்று தீர்ப்பு வந்தது.

இலக்கியக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 'எழுத்து' 1970-ல் நின்றுவிட்டது. பிறகு வாசிக்க வந்த நம்மில் பலர் அந்த இதழ்களையும், நின்றுபோன மற்றச் சிற்றிதழ்களையும் ஜெராக்ஸாகத்தான் படித்தோம். மேற்கோள் காட்டும்போது மட்டும் அசலைப் பார்த்தது மாதிரி எழுதுகிறோம். ஓலைச்சுவடி விஷயத்தில் இப்படிச் செய்யமாட்டோம். ஏடு எழுதியவனின் கைப்பிழையைப் பாடபேதம் என்று குறித்துவைக்க நமக்கு உ.வே.சா. கற்றுக்கொடுத்திருக்கிறார்.

உருளையும் ஏடெழுதுகிறவன்தான், அதற்கும் கைப்பிழை உண்டு. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மில் ஒரு கீறல் விழுந்தால் தாளில் 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அதே புள்ளி வரும். சிறிய யந்திரங்களில் தூள் உருளையின் விட்டம் இன்னும் குறைவு. அதன் வடு அதைவிட நெருக்கமாகத் திரும்பும். ஒரே வடு பிரதியின் பிரதியிலும் வரும், அதோடு இன்னொரு யந்திரத்தின் வடுவும் சேரும். வெளிறிய சொல்லில் ஒற்று விழுந்ததா, கவிஞர் எழுதவில்லையா என்ற சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. தூள் தாளுக்குள் ஊறுவதும் இல்லை, மேலே உருகி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் வைத்த பிரதிகளில் எழுத்து உறையோடு பெயர்ந்து வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

பழைய இதழ்களின் பிரதி வைத்திருப்பவர்கள் அவற்றைக் காகித உறைக்கு மாற்றட்டும். அசலிலிருந்து எடுத்ததா, பிரதியிலிருந்தா, எந்த வருஷம், எந்தக் கடையில் என்று பென்சிலால் ஒரு வரி எழுதி வைக்கட்டும். பாடபேதம் பார்க்க வருகிறவனுக்கு அந்த ஒரு வரி தேவைப்படும்.