முழங்காலில் வலி, இடுப்பில் கோளாறு

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் முழங்கால் வலிக்கிறது என்கிறான். லேசாக நொண்டுகிறான். முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கோளாறு ஒன்றும் இல்லை. வளரும் வயது, நடக்கத்தானே செய்கிறான் என்று பெற்றோர் விட்டுவிடுகின்றனர். கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பந்துக்கும் எலும்பின் கழுத்துக்கும் இடையே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். வேகமாக வளரும் பருவத்தில், குறிப்பாக உடல் எடை மிகுந்த பிள்ளைகளுக்கு, அது பலவீனமடைந்து பந்து சரிந்துவிடுகிறது. இரண்டு மூட்டுகளுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் வலி முழங்காலில் தெரிகிறது.

இதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. பிரெஞ்சு மன்னர்களின் அறுவை மருத்துவரான அம்ப்ரோஸ் பாரே 1572ஆம் ஆண்டிலேயே இதைக் குறிப்பிட்டார். 1888இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் முல்லர், இளம் வயதினரின் தொடை எலும்புக் கழுத்து வளைவதாக எழுதினார். 1895இல் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்த பிறகுதான், உயிரோடிருக்கும் பிள்ளையின் மூட்டுக்குள் நடப்பதைப் பார்க்க முடிந்தது.

சிகிச்சை எளிதாக அமையவில்லை. பிள்ளைகள் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுடன் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தனர். சரிந்த பந்தைப் பலவந்தமாகப் பழைய இடத்துக்குத் திருப்பியபோது, இரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு செத்துப்போனதும் உண்டு. தொடை எலும்புக் கழுத்து முறிவுக்காக ஸ்மித் பீட்டர்சன் 1931இல் வெளியிட்ட உலோக ஆணி முறை பின்னர் இதற்கும் பயன்பட்டது. இன்று பெரும்பாலும், சரிந்த இடத்திலேயே ஒரே திருகாணியால் பந்தை நிலைநிறுத்துகின்றனர்.

1993இல் அமெரிக்க மருத்துவர் ராண்டல் லோடரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய கேள்வியை முன்வைத்தனர்: ஊன்றுகோல் பிடித்தாவது பிள்ளையால் நடக்க முடிகிறதா? திடீரெனச் சரிந்த 55 மூட்டுகளை அவர்கள் ஆராய்ந்தனர். நடக்க முடிந்த 25இல் ஒன்றில்கூட எலும்பு சாகவில்லை. நடக்க முடியாத 30இல் 14 பாதிக்கப்பட்டன.

நடக்கிறானே என்று தள்ளிப்போடும் நாள்கள்தாம் மூட்டைக் காப்பாற்றக்கூடிய நாள்கள். பிள்ளை முழங்கால் வலியென்று நொண்டினால், இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் அன்றே கேட்டுவிடுவது நல்லது.